பூவும் படமும் பெயரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது மரபு. இசை பேசுவதும் மரபு. இவ்வாண்டு எனக்கு அளிக்கப்பட்ட பொருளோ ‘புகைப்படக் கலையில் பூக்கள்’ என்பது. இத்தலைப்பைக் கேட்டதும் உங்களுள் சிலர் மனத்தில் ஒரு கேள்வி எழுந்திருக்கும். ‘பூ இயல்பாகவே அழகுடையது. அதன் எதிரே காமிராவை நீட்டி விசையை அழுத்துவதில் கலை எங்கே இருக்கிறது?’ என்பதே அக்கேள்வி. இது நியாயமான கேள்விதான். இன்று இவ்வவையில் ஏறத்தாழ ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. அதனுள் ஒரு காமிராவும் இருக்கிறது. பொழுது விடிந்தால் காலை வணக்கத்தோடு ஒரு ரோஜாப் படம் வந்து சேருகிறது. நாம் அதைப் பார்க்கிறோம், மறக்கிறோம். அந்த ரோஜா எந்த ஊரில், எந்த மாதத்தில், யார் வீட்டு முற்றத்தில் பூத்தது என்பதை எவரும் கேட்பதில்லை.

பூவின் அழகு பூவுக்கே உரியது. அதைப் படமாக்கியவருக்கு உரிமையாவது, அப்பூவை அறிவதற்கு அவர் செலுத்திய உழைப்பு ஒன்றே. அந்த உழைப்பு படத்தில் தெரியுமானால் அது கலை. தெரியாவிடில் அது மற்றுமொரு காலை வணக்கம். இந்த ஒரு கருத்தையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. நாம் குடியேறி வாழ்கின்ற இந்தக் கொச்சி நகரமே அச்சான்றைத் தருகிறது.

மட்டாஞ்சேரி அரண்மனையை நீங்கள் அனைவரும் கண்டிருப்பீர்கள். 1555ஆம் ஆண்டளவில் போர்ச்சுகீசியர் கட்டி, 1663க்குப் பின் டச்சுக்காரர் புதுப்பித்த மாளிகை அது. அதன் சுவர்களில் இராமாயணக் காட்சிகள் தீட்டப்பெற்றுள்ளன. அவ்வோவியங்களில் பூக்களுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் அங்கே பூ எப்போதும் பிறிதொன்றுக்கு அணியாகவே நிற்கிறது. தெய்வத்தின் மார்பில் மாலையாகவும், அரசியின் கூந்தலில் சூடலாகவும், சித்திரத்தின் ஓரத்தில் கோலமாகவும் அது வருகிறது. நம் வீடுகளிலும் பூவுக்கு இதுவே வழக்கம். சுவாமிக்குச் சாத்துகிறோம், பெண்கள் சூடுகிறார்கள், மிஞ்சியதை மறுநாள் எறிந்துவிடுகிறோம். பூவைப் பூவாகவே எடுத்து வைத்து, ‘இது எப்படி அமைந்திருக்கிறது?’ என்று நோக்கிய பெருமுயற்சி ஒன்று இதே கொச்சியில் 1670களில் நடந்தது.

அக்காலத்தில் மலபாரில் டச்சுக் கம்பெனியின் தலைவராக இருந்தவர் ஹென்றிக் வான் ரீட் என்பவர். இந்நாட்டுச் செடி கொடிகளை அறிந்து, படமும் விளக்கமுமாக ஒரு நூல் செய்ய அவர் முற்பட்டார். அவருக்கு வாய்த்த துணைவர்களே அந்நூலின் பெருமைக்குக் காரணம். சேர்த்தலையை அடுத்த கடக்கரப்பள்ளியைச் சார்ந்த இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியர், தம் குலவழி வந்த ஏடுகளையும் அனுபவ அறிவையும் தந்தார். ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி வைத்தியர் மூவர் உடனிருந்து உதவினர். இவர்கள் 1675ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் எழுதிக் கொடுத்த சான்றுரைகள் நூலின் முதற்பகுதியிலேயே அச்சாகியுள்ளன. காட்டிலிருந்து கொண்டுவந்த செடிகளைப் பார்த்துச் சித்திரக்காரர்கள் வரைந்தனர். அவை ஆம்ஸ்டர்டாம் நகருக்குச் சென்று செப்புத் தகட்டில் செதுக்கப்பெற்று, 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தன. ‘ஹோர்த்துஸ் மலபாரிகஸ்’, அதாவது ‘மலபார்த் தோட்டம்’, என்பது நூலின் பெயர். 700க்கும் மேற்பட்ட செடிகளின் படங்கள் அதில் உள்ளன.

அப்படங்களில் வண்ணம் இல்லை. கறுப்புக் கோடுகள் மட்டுமே. ஆனாலும் இதழ் எத்தனை, காம்பு எவ்வாறு வளைகிறது, மொட்டு எப்படி மடிந்திருக்கிறது என்பன தெளிவாகத் தெரிகின்றன. அதனினும் சிறப்பு, படத்தோடு பெயரும் பொறிக்கப்பட்டிருப்பது. ரோமன் எழுத்து, மலையாள எழுத்து, அரபி எழுத்து, நாகரி எழுத்து என நான்கு வகையாலும் பெயர்கள் காணப்படுகின்றன. மலையாள எழுத்து முதன்முதலில் அச்சேறியதே இந்நூலில்தான் என்பர். முதல் தொகுதியைப் புரட்டுங்கள்: சம்பகம், எலங்கி, கொன்ன. இரண்டாம் தொகுதியில் செம்பரித்தி. தமிழ்க் காதுக்கு இவை அந்நியமான ஒலிகளா? செண்பகமும், இலஞ்சியாகிய மகிழம்பூவும், கொன்றையும், செம்பருத்தியும் அல்லவா இவை! பின்னர் 1753இல் லின்னேயஸ் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் உலகச் செடிகளுக்கெல்லாம் அறிவியற் பெயர் சூட்டியபோது இந்நூலைப் பெரிதும் பயன்படுத்தினார். மகிழ மரத்துக்கு அவர் வைத்த ‘மிமுசோப்ஸ் எலங்கி’ என்ற பெயரில், கொச்சி வைத்தியர்கள் சொன்ன சொல் இன்றளவும் நிலைத்து நிற்கிறது. படம் கண்ணுக்குக் காட்டியது. பெயர் அதைக் காலங்கடந்து காத்தது.

இனிப் புகைப்படத்துக்கு வருவோம். 1839ஆம் ஆண்டில் புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பெற்றது. இங்கிலாந்தில் அதைத் தோற்றுவித்த டால்பட் என்பவர் அதற்கும் சில ஆண்டுகள் முன்பே, ஒளி பட்டால் கறுக்கும் தாளின்மீது இலையையும் பூவையும் வைத்து வெயிலில் காட்டி அவற்றின் நிழலுருவைப் பதித்தார். 1843இல் அன்னா அட்கின்ஸ் என்னும் அம்மையார், கடற்பாசிகளை அவ்வாறே நீலத்தாளில் பதித்துப் புத்தகமாக்கத் தொடங்கினார். புகைப்படங்களைக் கொண்ட முதல் நூல் அதுவே என்பர். இதற்குக் காமிராவும் வேண்டியதில்லை; தாளும் வெயிலும் தண்ணீருமே போதும். ஆகவே புகைப்படத்தின் குழந்தைப் பருவத்திலேயே அதன் கையில் பூவும் இலையும் இருந்தன எனலாம்.

அக்காலத்தில் ஒரு பெருங்குறை இருந்தது. பழைய கண்ணாடிப் பிளேட்டுகள் நீல ஒளியை மட்டுமே நன்கு உணர்ந்தன; சிவப்பை உணரவில்லை. எனவே செக்கச் சிவந்த மலர் படத்தில் கரியாகவும், நீல மலர் வெள்ளையாகவும் வந்தன. எல்லா வண்ணத்தையும் அதனதன் ஒளியளவில் உணரும் பிளேட்டு 1906இல்தான் கடைக்கு வந்தது. இக்குறைக்கு நடுவிலும் அல்சேசு நாட்டைச் சேர்ந்த அடால்ப் பிரௌன் என்பவர் 1850களில் முந்நூறு பூப் படங்களை எடுத்தார். அவர் துணிகளுக்குச் சித்திரம் வரைபவர். சீலையில் அச்சிடும் பூவேலைக்கு மாதிரியாகவே அப்படங்களை எடுத்தார். தொழிலுக்காக எடுத்த அவை 1855இல் பாரிஸ் பொருட்காட்சியில் பரிசு பெற்றன.

தொழிலிலிருந்து கலை பிறந்த மற்றொரு சான்றும் உண்டு. ஜெர்மனியின் பெர்லின் நகரில் கார்ல் பிளாஸ்பெல்ட் என்னும் ஆசிரியர் மாணவர்க்குச் சிற்ப வடிவங்களைக் கற்பித்து வந்தார். பாடத்துக்கு உதவும் பொருட்டு, வழியோரத்துக் களைச்செடிகளின் மொட்டையும் தளிரையும் தாமே அமைத்த காமிராவால் பன்மடங்கு பெரிதாக்கிப் படமெடுத்தார். முப்பது ஆண்டுகள் அவர் செய்த பணி அது. 1928இல் ‘கலையின் மூல வடிவங்கள்’ என்னும் பொருள்படும் பெயரில் அப்படங்கள் நூலாக வந்தபோது ஐரோப்பா வியந்தது. பெரணித் தளிரின் சுருளில் இரும்புக் கிராதியின் வேலைப்பாட்டைக் கண்டனர்; மொட்டில் கோபுரக் கலசத்தைக் கண்டனர். அவர் படங்களில் வண்ணமும் இல்லை, மணமும் இல்லை. வடிவு மட்டுமே உண்டு. நம் சிற்பிகள் தாமரை மொட்டைத் தூண் போதிகையாக்கியதும் இந்தப் பார்வையால் அன்றோ?

தாய்மார்கள் சிறப்பாகக் கேட்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அமெரிக்காவில் இமோஜன் கன்னிங்ஹாம் என்றொரு புகைப்படக் கலைஞர் வாழ்ந்தார். மூன்று ஆண் குழந்தைகளைப் பெற்று, அவர்களை வளர்க்கும் பொறுப்பினால் வீட்டைவிட்டு வெளியே போய்ப் படமெடுக்க இயலாத நிலை அவருக்கு உண்டாயிற்று. அவர் தம் தோட்டத்துச் செடிகளையே படமெடுக்கத் தொடங்கினார். 1925இல் அவர் எடுத்த மக்னோலியா மலரின் படம் இன்று உலகப் புகழ் வாய்ந்தது. நம் செண்பகமும் அம்மலரின் இனமே. ஒற்றை மலரின் நடுவிலுள்ள சூலகமும் மகரந்தமும் படம் முழுவதையும் நிறைத்து நிற்கின்றன. குழந்தை உறங்கும் வேளையில் கிடைத்த சிறு அவகாசமும், தினந்தோறும் அதே செடியைப் பார்த்துப் பழகிய கண்ணும் அவருக்கு முதலாக இருந்தன. ஆகவே, ‘எங்களுக்கு எங்கே நேரம்?’ என்று கேட்கும் நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு அவர் நல்லதொரு முன்மாதிரி.

சித்திரத்துக்கும் புகைப்படத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கே சொல்லவேண்டும். ரீடின் சித்திரக்காரர் ஒரே கிளையில் மொட்டையும் மலரையும் காயையும் சேர்த்து வரைய முடிந்தது. காமிராவுக்கோ ஒரு கணமே உரியது. அந்தக் கணத்தைத் தேர்ந்தெடுப்பதே புகைப்படக்காரரின் வேலை. ஆகையால் பூவின் பொழுதை அவர் அறிந்திருக்க வேண்டும். பவழமல்லி மாலையில் மலர்ந்து விடியலில் உதிர்வது. எட்டு மணிக்கு எழுந்து காமிராவைத் தேடுபவருக்கு அது தரையில்தான் கிடைக்கும். மல்லிகை அந்தியில் அவிழ்வது. இவ்வூர் வீடுகளில் தொட்டியில் வளர்க்கும் நிசாகந்தியோ ஒரே இரவில் விரிந்து விடியுமுன் வாடுவது. அதற்காகக் குடும்பமே விழித்திருக்கும். தும்பை அடிமழை ஓய்ந்த ஆவணியில் வரப்போரம் வெளுத்து நிற்கும். அத்தப்பூக்களத்துக்கு அது வேண்டும் என்பதை நம் குழந்தைகள் மலையாள நண்பர்களிடம் கற்றிருப்பார்கள்.

செய்முறை பற்றியும் சில சொற்கள். கொச்சியின் மழை மேகத்தை நாம் குறை கூறுகிறோம். பூவைப் படமெடுப்பவருக்கு அது வரம். கடும் வெயிலில் வெள்ளை இதழ் வெளிறிப்போகும், நிழல் கறுத்துவிடும். மேகம் மூடிய வானமோ மெல்லிய திரைபோல் ஒளியைப் பரப்புகிறது. வெயில்தான் உண்டென்றால் காலை எட்டு மணிக்கு முன் எடுங்கள். ஒருபுறம் இருண்டிருந்தால் வெளுத்த வேட்டியை அப்பக்கம் பிடியுங்கள். ஒளி திரும்பி விழும். கோட்டைக் கொச்சியில் தலைமுறைகளாகச் சலவைத் தொழில் புரியும் நம்மவர் வாழும் இவ்வூரில் வெளுத்த வேட்டிக்கா குறை? பின்புலம் குழப்பமாக இருந்தால் கறுப்புக் குடை ஒன்றை விரித்துப் பின்னால் வையுங்கள். பூவை நெருங்க நெருங்கத் தெளிவு விழும் ஆழம் குறைந்துகொண்டே போகும். ஆதலால் மகரந்தத் தாளில் தெளிவு நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காற்று ஓயும்வரை பொறுத்திருங்கள்.

செம்பருத்தியைக் கைப்பேசியில் எடுத்தவர்கள் அறிவார்கள்: இதழின் நரம்பும் மடிப்பும் மறைந்து ஒரே சிவப்புத் திட்டாக வந்துவிடும். அன்றைய பிளேட்டுக்குச் சிவப்புத் தெரியவில்லை. இன்றைய கருவிக்கோ சிவப்பு அளவுமீறித் தெரிகிறது. திரையில் விரலால் ஒளியைச் சற்றுக் குறைத்து எடுத்தால் மறைந்த நரம்புகள் மீண்டும் தோன்றும். கருவி மாறினாலும் கண்ணின் பொறுப்பு மாறவில்லை.

இப்போது நான் தலைப்பில் சேர்த்துள்ள மூன்றாம் சொல்லுக்கு வருகிறேன். அது பெயர். சங்கப் புலவராகிய கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கினார். டாக்டர் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பிக்க முயன்றபோது, தமக்குக் கிடைத்த ஏடுகளில் அப்பூக்களுள் சிலவற்றின் பெயர்கள் இல்லாமற்போயிருந்தன. உதிர்ந்துபோன அம்மலர்களைத் தேடி அவர் அலைந்தார். தருமபுர ஆதீனத்து ஏடுகளினூடே அவை அகப்பட்டன. 1889இல் பத்துப்பாட்டு அச்சில் வந்தது. ஒரு பூவின் பெயர் ஏட்டிலிருந்து உதிர்ந்தால் அதை மீட்க ஒரு சாமிநாதையர் தோன்றினார். ஒரு குடும்பத்தின் நாவிலிருந்து உதிர்ந்தால் மீட்பவர் யார்?

நம் காலனியின் நிலையை எண்ணிப் பாருங்கள். பாட்டி ‘மகிழம்பூ’ என்கிறாள். அடுத்த வீட்டார் ‘இலஞ்சி’ என்கின்றனர். பள்ளியில் பிள்ளை கற்பது ஆங்கிலப் பெயர். பெரும்பாலும் அதுவும் இல்லை. மூன்று மொழிக்கு நடுவே நிற்கும் குழந்தை ‘ஒயிட் ஃப்ளவர்’ என்று சொல்லி நகர்ந்துவிடுகிறது. நிசாகந்தியின் படத்தை எடுத்து ‘பிரம்மகமலம்’ என்று பெயரிட்டு அனுப்புவோரும் பலர். உண்மையான பிரம்மகமலம் இமயத்தின் உயர்ந்த சரிவில் வளர்வது. நிசாகந்தியோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த கள்ளியினம். படம் பிழையின்றி வந்திருக்கும்; பெயர் பிழைபட்டதால் அறிவு பிழைபட்டுவிடுகிறது. வேற்றூரில் வாழ்கின்ற நமக்குத் தாய்மொழி முதலில் தேய்வது பெரிய சொற்களில் அன்று. இத்தகைய வீட்டு முற்றத்துச் சிறு சொற்களிலேதான்.

பூவைப் படமெடுக்கும் ஆசை பூவுக்கும் அதைப் பயிரிட்டவருக்கும் தீங்காகவும் கூடாது. தென்காசியை அடுத்த சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூக்கும் பருவத்தில் கேரளத்திலிருந்து கூட்டம் கூட்டமாக மக்கள் படமெடுக்கச் செல்கின்றனர். அந்த மஞ்சள் விரிப்பு ஒரு குடியானவரின் எண்ணெய் வித்து. அவருடைய ஆண்டு வருமானம். வரப்பில் நின்று எடுக்கும் படமே போதும். செடிக்குள் புகுந்து மிதிக்கவேண்டியதில்லை. அதுபோலவே தோவாளையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் இவ்வூருக்கு வந்து சேரும் மலர்களை வாழைநாரில் தொடுக்கும் கைகளும் படத்துக்கு உரியனவே. ஆனால் அந்த அம்மையாரின் இசைவைக் கேட்டுப் பெற்ற பின்னரே எடுக்கவேண்டும்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். நம் சங்கத்துப் பிள்ளைகள் அடுத்த ஆண்டு விழாவுக்குள் நம் தெருக்களிலும் முற்றங்களிலும் பூக்கும் பூக்களைப் படமெடுத்துத் தொகுக்கட்டும். ஒவ்வொரு படத்தின் கீழும் தமிழ்ப் பெயர், மலையாளப் பெயர், எடுத்த இடம், நாள், பொழுது ஆகிய ஐந்தையும் எழுதட்டும். பெயர் தெரியாவிட்டால் வீட்டுப் பெரியவரிடம் கேட்கட்டும். அவருக்கும் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டு மலையாளப் பாட்டியிடம் கேட்கட்டும். இட்டி அச்சுதனிடமும் கொங்கணி வைத்தியர்களிடமும் கேட்டுத்தான் மலபார்த் தோட்டம் உருவாயிற்று. கேட்பதில் சிறுமை ஏதுமில்லை. நாளைக் குறிப்பதில் இன்னொரு பயனும் உண்டு. விஷுவுக்குக் கணி காணவேண்டிய கொன்றை முன்கூட்டியே பூத்து உதிர்ந்துவிடுகிறது என்று பலரும் சொல்கிறார்கள். ஆண்டுதோறும் தேதியிட்டு எடுத்த படம் இருந்தால் அப்பேச்சு மெய்யா என்று பார்க்கலாம். ‘சீசன்வாட்ச்’ என்னும் திட்டத்தின் வாயிலாக இத்தகைய குறிப்புகளைக் கேரளத்துப் பள்ளி மாணவர் பலர் ஏற்கெனவே சேர்த்து வருகின்றனர். நம் பிள்ளைகளும் அதில் சேரலாம்.

கொன்றை கேரளத்தின் மாநில மலர். செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். இரண்டும் இரு நிலத்திலும் பூக்கின்றன. மூணாற்று மலைகளில் 2018இல் நீலம் போர்த்திய குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டு கழித்து 2030இல் மீண்டும் பூக்க வேண்டும். இன்று இவ்வவையின் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சிறுவர் சிறுமியர் அன்று காமிராவோடு மலையேறுவார்கள். அப்போது அவர்கள் எடுக்கும் படம் எத்தனை அழகாக இருப்பினும், அதன்கீழ் ‘குறிஞ்சி’ என்று தமிழில் எழுதத் தெரிந்திருந்தால்தான் நாம் நடத்தும் இச்சங்கம் தன் கடமையைச் செய்ததாகும்.